காத்தாடி ஏறும் பிள்ளைகளுக்கு



முப்பந்தல், குமாரபுரம், பழவூர், காவல்கிணறு வட்டாரத்துக் காத்தாடி (காற்றாலை) சைட்டுகளில் டவர் ஏறி வேலை பார்க்கும் ஆரல்வாய்மொழிப் பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியில் ஈசிஜி டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். உங்களில் பலருக்கு என் முகம் தெரியும். அப்பாவையோ ஆச்சியையோ கூட்டிக்கொண்டு வந்து என் அறை வாசலில் உட்கார்ந்திருப்பீர்கள். காற்று சீசன் தொடங்கிவிட்டால் உங்களைக் கையில் பிடிக்க முடியாது. ஆனி, ஆடியில் ஒரு காத்தாடி ஒரு மணி நேரம் நின்றாலும் கம்பெனிக்கு நஷ்டம். போன் வந்த வேகத்தில் பைக்கை எடுப்பீர்கள். அதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

விஷயம் இதுதான். ஏணி ஏறும்போதோ, மேலே போய் உட்கார்ந்த பிறகோ, நெஞ்சு திடீரென்று படபடவென்று அடித்திருந்தால், கண் இருட்டியிருந்தால், ஒரு நிமிஷம் நினைவு தப்பியிருந்தால், மறைக்காதீர்கள். துடிப்பை ஒரு நாள் முழுக்கப் பதியும் ஹோல்டர் கருவியைக் கட்டிப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னால், அடுத்த மாதம், சீசன் முடியட்டும் என்று தள்ளாதீர்கள்.

மறைக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். கல்யாண வீட்டுப் பந்தியிலும் கோயில் கொடையிலும் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "யார்ட்டயும் சொல்லிராதீங்க அக்கா" என்று ஆரம்பிப்பீர்கள். "பாதி ஏணியில நிக்கும்போது நெஞ்சு ஓட ஆரம்பிச்சுது. கண்ண மூடிட்டு கம்பியப் பிடிச்சுட்டு நின்னேன். கொஞ்ச நேரத்துல பட்டுனு நின்னுட்டு. கேஸா இருக்கும்." டாக்டரைப் பார்த்தாயா என்று கேட்டால், "மெடிக்கல்ல தள்ளி விட்டுட்டான்னா வேலை போயிரும்லா?" என்பீர்கள். அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரும்பாலும் காண்ட்ராக்ட் வேலை, வீடு கட்டிய கடன், தங்கச்சி கல்யாணம். ஆனால் அந்தத் தராசின் மறு தட்டில் என்ன இருக்கிறது என்பதையும் பாருங்கள். பெல்ட் உங்களைக் கீழே விழாமல் தாங்கும். நினைவு தப்பாமல் தாங்காது. நினைவில்லாமல் பெல்ட்டில் தொங்குகிறவனுக்கு ரத்தம் காலில் தேங்கிவிடும், அதுவே உயிருக்கு ஆபத்து. குறுகலான டவருக்குள்ளிருந்து ஓர் ஆளைக் கயிறு கட்டி இறக்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

"ஈசிஜி எடுத்தாச்சு அக்கா, நார்மல்" என்று பேப்பரைக் காட்டுகிறவர்களும் உண்டு. அந்தப் பேப்பரில் இருப்பது பத்து வினாடி. ஒரு நாளைக்கு 86,400 வினாடி. உங்கள் இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ 1 லட்சம் தடவை துடிக்கிறது. அதில் பத்துப் பதினைந்து துடிப்பைத்தான், அதுவும் கட்டிலில் அசையாமல் படுத்திருந்தபோது, நான் எடுத்துக் கொடுத்தேன். மத்தியானம் தோவாளைக்குப் போய்ப் பார்த்துவிட்டு, இங்கே பூச்சந்தை நடப்பதே இல்லை என்று சொல்கிற மாதிரிதான் அந்த 'நார்மல்'. படபடப்பு வந்த நேரத்திலேயே எடுத்த ஈசிஜி என்றால் அது பொன். வந்து போன பிறகு எடுத்ததை வைத்து எதையும் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது.

இதயத்தின் வலது மேலறையில் ஒரு சின்ன இடத்திலிருந்து மின்துடிப்பு கிளம்புகிறது. அது மேலறைகளில் பரவி, நடுவில் ஒரு கணம் தாமதித்து, கீழறைகளுக்கு இறங்கி இதயத்தைச் சுருங்க வைக்கிறது. இந்த மின்சாரம் கிளம்புவதில் கோளாறு வரலாம், இறங்கும் வழியில் தடை வரலாம், சிலருக்குப் பிறவியிலேயே ஒரு குறுக்குவழி இருந்து மின்சாரம் அதில் சுற்றிச்சுற்றி ஓடலாம். ரத்தக்குழாய் அடைப்பு வேறு, இது வேறு. ஆஞ்சியோ சுத்தமாக இருக்கிறவருக்கும் துடிப்பின் தாளம் தப்பலாம். அதேபோல ஹோல்டர் கட்டிப் பார்த்து அடைப்பு இல்லை என்று யாரும் நிம்மதி அடைய வேண்டாம். அது அதற்கான சோதனை இல்லை. நெஞ்சு அழுத்தி வலித்து, வியர்த்து, இடது கையோ தாடையோ கடுத்தால் ஹோல்டருக்கு நாள் பார்க்கக் கூடாது. 108-ஐக் கூப்பிட வேண்டும், அல்லது பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓட வேண்டும். 'இதயம் காப்போம்' திட்டத்தில் 2023 முதல் அங்கேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள்.

ஹோல்டர் என்பது ஒரு மனிதரின் பெயர். நார்மன் ஹோல்டர், அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்து ஹெலனா என்ற ஊர்க்காரர். அவருக்கு முன்னால், 1900களின் தொடக்கத்தில், நெதர்லாந்தில் ஐன்தோவன் செய்த ஈசிஜி இயந்திரம் ஏறத்தாழ 270 கிலோ. நோயாளி கையையும் காலையும் உப்புத் தண்ணீர்த் தொட்டியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கு 1924-இல் நோபல் பரிசு கிடைத்தது. இயந்திரம் பிறகு சிறிதாகியும், ஆளைப் படுக்க வைத்துத்தான் பார்த்தார்கள். ஹோல்டருக்கு அதுதான் குறையாகப் பட்டது. மனிதன் படுத்தே கிடப்பதில்லை. நடக்கிறான், சுமக்கிறான், கோபப்படுகிறான். அந்த நேரத்தில் இதயம் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டாமா? 1940களின் கடைசியில் அவர் செய்த முதல் கருவி 38 கிலோ இருந்தது. அதை முதுகில் கட்டிக்கொண்டு சைக்கிள் மிதித்துக் காட்டினார்கள். ரேடியோ அலையாகத் துடிப்பை அனுப்பியது அது. பிறகு டேப்பில் பதிகிற சின்னக் கருவியாக்கி 1961-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார். இன்றைக்கு அது இடுப்பில் இருப்பதே தெரியாத எடை.

இதை இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. வேலை செய்கிறவனின் இதயத்தைப் பார்க்கத்தான் அந்த மனிதர் 38 கிலோ கருவியில் தொடங்கினார். நீங்களோ அதைக் கட்டிக்கொண்ட கையோடு வீட்டுக்குப் போய், ஃபேனைப் போட்டுப் படுத்துவிடுகிறீர்கள். மறுநாள் கொண்டுவந்து தருகிறீர்கள். இருபத்து நாலு மணி நேரமும் படுத்திருந்த ஒருவரின் படம்தான் அதில் இருக்கும். டாக்டர் அதைப் பார்த்து நார்மல் என்று எழுதுவார். நீங்கள் மறுபடி ஏணியில் ஏறுவீர்கள்.

கட்டும்போது என்ன நடக்கும் என்று தெரியாமல்தான் பாதிப் பேர் வருவதில்லை. ஊசி கிடையாது, கரண்ட் உள்ளே போகாது. நெஞ்சில் முடி இருந்தால் ரேஸரால் சில இடங்களில் மழிப்போம். ஸ்பிரிட் பஞ்சால் அழுத்தித் துடைப்போம், கொஞ்சம் எரியும். அந்த இடம் லேசாகச் சிவந்ததும் ஸ்டிக்கரை ஒட்டி, அதன் நடுவில் இருக்கும் குமிழில் வயரின் கிளிப்பை மாட்டினால் 'டக்'கென்று உட்காரும். வயரை ஒரு சுற்றுச் சுற்றி மேலே பிளாஸ்டர் போடுவோம், இழுபட்டாலும் ஸ்டிக்கர் பெயராமல் இருக்க. கருவியை இடுப்பு பெல்ட்டிலோ கழுத்துப் பையிலோ போட்டு, கம்ப்யூட்டரில் அலை ஒழுங்காக வருகிறதா என்று பார்த்து, நேரத்தைச் சரி செய்து அனுப்புவோம். கால் மணி நேர வேலை. திருப்பிக் கொடுக்கும்வரை குளிக்கக் கூடாது, ஆகையால் குளித்துவிட்டு வாருங்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்து வராதீர்கள். நம் ஊரில் தேங்காய் எண்ணெய் தோலில் ஊறிக் கிடக்கும், ஸ்டிக்கர் அரை மணி நேரம் நிற்காது. பவுடரும் வேண்டாம். முன்பக்கம் பட்டன் வைத்த பருத்திச் சட்டை போடுங்கள். போனை நெஞ்சுப் பாக்கெட்டில் வைக்காதீர்கள். வேர்வையில் ஸ்டிக்கர் பெயர்ந்தால், எந்த நிற வயர் எங்கே என்று போனில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தால், நீங்களே திரும்ப ஒட்டிக்கொள்ளலாம்.

டாக்டரிடம் உங்கள் வேலையைச் சொல்லுங்கள். சீட்டில் 'தனியார் வேலை' என்று எழுதியிருக்கும். அதை வைத்து அவர் என்ன புரிந்துகொள்வார்? ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறவர் என்று நினைப்பார். "காத்தாடியில் ஏணி ஏறுகிறேன், ஒரு நாளில் இத்தனை தடவை, மேலே எண்பது மீட்டர், நூறு மீட்டர்" என்று சொன்னால் அவர் கேட்கும் கேள்வியே மாறும். மயக்கம் போட்டிருந்தால், முடிவு தெரியும்வரை டவர் ஏறவே கூடாது. ஹோல்டர் கட்டியிருக்கும்போது டிரான்ஸ்ஃபார்மர் யார்டு பக்கமும் போக வேண்டாம்; பெரிய மின்கருவிகளுக்குப் பக்கத்தில் பதிவு கலங்கும். அப்படியானால் ஏறுகிற உழைப்பை எப்படிப் பார்ப்பது என்று கேட்பீர்கள். அதற்கு டிஎம்டி இருக்கிறது, ஆஸ்பத்திரியில் ஆட்கள் பக்கத்தில் நிற்க ஓட வைத்துப் பார்ப்பார்கள். ஹோல்டர் கட்டின நாளில் தரையில் வழக்கமாக என்ன செய்வீர்களோ, டாக்டர் தடுக்காதவரை அதையெல்லாம் செய்யுங்கள். மாடிப்படி ஏறுங்கள், பொய்கை அணைப் பக்கம் நடந்துவிட்டு வாருங்கள், சாயா குடிக்கிறவர் சாயா குடியுங்கள்.

கருவியோடு ஒரு தாள் தருவோம். முக்கால்வாசிப் பேரிடமிருந்து அது வெறும் தாளாகத்தான் திரும்பி வரும். என்ன செய்தீர்கள், எத்தனை மணிக்கு, உடம்பில் என்ன தோன்றியது என்று எழுத வேண்டும். கருவியில் ஒரு பட்டன் உண்டு. நெஞ்சில் ஏதாவது தோன்றினால் அழுத்த வேண்டும். அந்தத் தாளின் அருமை, பதிவைக் கம்ப்யூட்டரில் விரிக்கும்போதுதான் தெரியும். ஒரு பையனுடைய பதிவு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. டவர் ஏறுகிற பையன்தான், இருபத்தைந்து வயசுக்குள். துடிப்பின் வேகத்தை ஒரு நாள் முழுக்க ஒரே கோடாகக் காட்டும் வரைபடம் ஒன்று வரும். ராத்திரி தூங்கும்போது கோடு ஐம்பதுக்கு இறங்கியிருந்தது, விடியற்காலையில் மெல்ல ஏறியது. முற்பகலில் ஓர் இடத்தில் எண்பதிலிருந்து நூற்றுத் தொண்ணூறுக்குச் சுவர் மாதிரி நிமிர்ந்து, ஏழு நிமிஷம் மட்டமாக ஓடி, அதே மாதிரி செங்குத்தாக விழுந்தது. ஓடியதாலோ பயந்ததாலோ ஏறுகிற துடிப்பு இப்படி ஏறாது. படிப்படியாக ஏறி, படிப்படியாக இறங்கும். தாளைப் பார்த்தேன். கோணல் எழுத்தில் அந்த நேரத்துக்கு நேராக எழுதியிருந்தான்: "கடையில சாயா குடிச்சிட்டு இருந்தேன். குனிஞ்சு செருப்ப மாட்டினேன். நெஞ்சு ஓடுது." குனிந்து நிமிர்ந்த நொடியில் தொடங்கியிருக்கிறது. ரெண்டு வருஷமாகக் கேஸ் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளை அவன்.

அவனுக்கு இருந்தது, மின்சாரம் குறுக்குவழியில் சுற்றுகிற கோளாறு. அந்த வகைகளில் ஒன்றை 1930-இலேயே உல்ஃப், பார்க்கின்சன், ஒயிட் என்ற மூன்று டாக்டர்கள் எழுதி வைத்தார்கள். அவர்கள் விவரித்த 11 பேரும் மற்றபடி ஆரோக்கியமான ஆட்கள்தான், பெரும்பாலும் இளவயசுக்காரர்கள். இன்றைக்கு இதற்குத் தொடை மடிப்பிலுள்ள ரத்தக்குழாய் வழியே மெல்லிய கம்பியை இதயத்துக்குள் செலுத்தி, அந்தக் குறுக்குவழியை மட்டும் சுட்டு அடைத்துவிடுகிறார்கள். நெஞ்சைத் திறப்பதில்லை. நூற்றில் தொண்ணூற்றுக்கும் மேலானவர்களுக்கு அதோடு தீர்ந்துவிடுகிறது. காப்பீட்டு அட்டையோ ஈஎஸ்ஐ-யோ இருந்தால் முதலில் அந்தப் பிரிவில் விசாரியுங்கள்; சம்பளச் சீட்டில் ஈஎஸ்ஐ பிடித்திருக்கிறார்களா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

இன்னும் நிறையப் பேருக்கு ஹோல்டரில் தெரிவது பயப்பட ஒன்றுமில்லாத சமாசாரம். நடுவில் ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வரும், அது வலுவில்லாமல் இருக்கும். அடுத்தது வர ஒரு கணம் தாமதமாகும், அது 'தொம்'மென்று அடிக்கும். நெஞ்சு ஒரு தடவை நின்று போனது போல் இருக்கும். நல்ல இதயம் உள்ளவர்களுக்கும் இது வருவது சகஜம். தூக்கமில்லாத ராத்திரியிலும், சாராயம் குடித்த மறுநாளிலும் கூடும். அதை வைத்து வேலையிலிருந்து தூக்க வேண்டிய அவசியம் இல்லை என்று டாக்டரே எழுதித் தருவார். பயந்து மறைத்தவர்களில் பலருக்கு மறைப்பதற்கு ஒன்றுமே இருந்திருக்காது.

சிலருக்கு அப்படி இருக்காது, அதையும் சொல்கிறேன். விழித்திருக்கும்போது துடிப்பு மூன்று வினாடி, நாலு வினாடி நின்று நின்று வந்தால், கீழறையிலிருந்து வேகமான துடிப்புகள் வரிசையாகக் கிளம்பினால், டாக்டர் உங்களைத் தரையிலேயே இருக்கச் சொல்லலாம். பேஸ்மேக்கர் வைக்க வேண்டி வரலாம். இனி டவர் வேண்டாம் என்று சொன்னால் அது பெரிய இடிதான். ஆனாலும் பட்டறையில், கண்ட்ரோல் ரூமில், ஸ்டோரில் வேலை பார்த்துப் பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம். வீட்டில் யாராவது நாற்பது வயசுக்குள் திடீரென்று இறந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். நம் வீடுகளில் அதைப் 'பேய் அடிச்சுது', 'விதி' என்று மூடி வைத்துவிடுவோம், டாக்டருக்கு அது முதல் தகவல்.

கூட வேலை பார்க்கிறவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. மயங்கி விழுந்தவனுக்குத் தான் விழுந்தது தெரியாது. பக்கத்தில் நின்றவன் பார்த்ததுதான் சாட்சி. விழும் முன் வெளிறினானா, வேர்த்ததா, கை கால் இழுத்ததா, எவ்வளவு நேரத்தில் எழுந்தான், எழுந்ததும் ஆளைத் தெரிந்ததா. போனில் நேரத்தைப் பாருங்கள். மணிக்கட்டில் விரலை வைத்துப் பதினைந்து வினாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். முகத்தில் தண்ணீர் தெளிக்கிற அவசரத்தில் இதெல்லாம் போய்விடுகிறது. வெறும் வயிற்றோடு, தண்ணீர் குடிக்காமல், சித்திரை வெயிலில் மேலே போய் மயங்குகிறவர்களும் உண்டு. அது வேறு கணக்கு, பெரும்பாலும் இதயக் கோளாறு இல்லை. எது எது என்று பிரிக்க அந்தச் சாட்சி வேண்டும். மூச்சு இல்லை, ஆள் அசையவில்லை என்றால் எண்ணிக்கொண்டு நிற்காதீர்கள். நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து அழுத்தத் தொடங்குங்கள், ஒருவன் 108-ஐக் கூப்பிடட்டும்.

ஹோல்டரில் ஒன்றும் சிக்கவில்லை என்றால்? மாதத்துக்கு ஒரு தடவை வருகிற படபடப்பு ஒரு நாள் பதிவில் சிக்காமல் போவதில் ஆச்சரியம் இல்லை. "கட்டின அன்னைக்கு வரல டாக்டர்" என்று சொல்லுங்கள். அதுவும் ஒரு தகவல்தான். 48 மணி நேரம், ஒரு வாரம், நெஞ்சில் ஒட்டிக்கொள்ளும் பட்டையாக 14 நாள் வரை என்று நீண்ட பதிவுகள் இருக்கின்றன. காரணம் தெரியாத மயக்கம் திரும்பத் திரும்ப வந்தால், தோலுக்கடியில் வைத்து வருஷக்கணக்கில் பார்க்கும் சின்னக் கருவியும் உண்டு. கையில் கட்டுகிற வாட்சைக் காட்டி, "இதுலயே தெரியும்லா?" என்கிறீர்கள். சில வாட்சுகள் ஈசிஜி எடுக்கும், படபடப்பு வந்த நேரத்தில் எடுத்தால் அதைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். வெளிச்சத்தை வைத்து நாடி எண்ணுகிற மலிவு வாட்சை நம்பி டவர் ஏறாதீர்கள்.

வீட்டில் பக்கவாதம் வந்து படுத்திருக்கும் அப்பா, அம்மா இருந்தால், அவர்களுக்கும் இந்த நீண்ட பதிவு பொருந்தும். மேலறை ஒழுங்கில்லாமல் நடுங்கிக்கொண்டிருந்தால் உள்ளே ரத்தம் உறைந்து, மூளைக்குப் போய் அடைக்கும். அந்தத் துடிப்பு உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு ஐந்து மடங்கு. கனடாவில் காரணம் புரியாத பக்கவாதம் வந்தவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2014-இல் வெளிவந்தது. 24 மணி நேரப் பதிவில் நூற்றுக்கு 3 பேரிடம்தான் இந்த நடுக்கம் தெரிந்தது. 30 நாள் பெல்ட் கட்டியவர்களில் 16 பேரிடம் தெரிந்தது. தெரிந்தால் மாத்திரை மாறும், அடுத்த அடைப்பைத் தடுக்கலாம். இப்படி ரத்தம் உறையும் ஆபத்து உள்ளவர்கள், சின்ன வயசில் மூட்டு வீங்கிய காய்ச்சல் வந்து வால்வு கெட்டவர்கள், நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா ஆஸ்பத்திரியில் சித்ரா வால்வு வைத்துக்கொண்டு வந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் ரத்தம் உறையாத மாத்திரையை, கை நிறைய மருந்து சலித்துப்போய், நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது நீங்கள்.

கடைசியாக, சைட் இன்சார்ஜ் அண்ணன்மாருக்கும் காண்ட்ராக்டர்களுக்கும். உங்களுக்குக் கீழே நிற்கும் பையன் "நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு" என்று சொல்ல முடிகிற ஆளாக நீங்கள் இருக்க வேண்டும். சொன்ன அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பினால், அடுத்த பையன் வாயைத் திறக்க மாட்டான். திறக்காதவன்தான் மேலே மயங்குவான். ஹோல்டர் கட்டுகிற நாளுக்கும், கழற்றி முடிவு வருகிற நாள் வரைக்கும் தரை வேலை கொடுங்கள், சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். வருஷா வருஷம் மெடிக்கல் எடுக்கும்போது ஈசிஜியோடு விட்டுவிடாமல், "மயக்கம் வந்ததா, படபடப்பு உண்டா, வீட்டில் இளவயசில் யாராவது இறந்தார்களா" என்று கேட்கச் சொல்லுங்கள். கேட்கிற டாக்டரிடம், பதிலால் வேலை போகாது என்று பையன்கள் முன்னாலேயே சொல்லுங்கள்.

மக்களே, ரிப்போர்ட் கையில் இருந்து அதில் என்ன எழுதியிருக்கிறது என்று புரியாவிட்டால் கொண்டு வாருங்கள். மருந்து நான் சொல்ல மாட்டேன். டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று சொல்லித் தருவேன். சாயங்காலம் ஐந்து மணிக்குமேல் வீட்டில்தான் இருப்பேன். அந்தத் தாளையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா,
ஓய்வுபெற்ற ஈசிஜி டெக்னீஷியன்,
ஆரல்வாய்மொழி